ஏகமனதாக

கூட்டம் தொடங்குமுன்பே தீர்மானப் புத்தகத்தில்
அந்தச் சொல்லை எழுதிவைத்துவிடுவது என் வழக்கம்.
மை காய நேரம் வேண்டுமே.

அக்டோபர் இரண்டு. குறும்பனைக்கு மேற்கே, வலைக்கூடம்.
நாற்பது நாற்காலி, பதினொரு ஆள்.
மிச்சக் கையெழுத்தை நேற்றே
ரேஷன் கடை வரிசையில் வாங்கியாயிற்று,
மண்ணெண்ணெய் வாடையோடு.

அரசியல் சட்டத்தையே திருத்தி
இந்தக் கூட்டத்துக்கு ஓர் இடம் தந்தார்களாம்.
பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். மதியம் பிரியாணி.

டெல்பின் எழுந்தாள்.
மணிக்கட்டில் சாளைச் செதில்.
"போன வருசத்துத் தீர்மானத்த வாசியும் ஓய்."
தூண்டில் வளைவு வேண்டி. ஏகமனதாக.
"அதுக்கு முந்தினது?"
தூண்டில் வளைவு வேண்டி. ஏகமனதாக.
ஏழாவது வருடத்தைப் புரட்டும்போது
என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அந்தக் கடைசிச் சொல்லு ஆருக்க மனசாக்கும்?
எனக்க அடுக்களை கடலுக்குள்ள கெடக்கு.
அது எந்தப் பக்கத்துல இருக்கு?"

தலைவர் என்னைப் பார்த்தார்.
நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

பிறகு அடித்தேன், ஒரே கோடு.
திருத்தினால் ஓரத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும், விதி.
இட்டேன்.
மேலே எழுதினேன்:
டெல்பின், கதவு எண் 4/112, நம்பவில்லை.

வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.
பேனாவைக் கேட்டு வாங்கினாள்.
பதினேழு வருடத்தில்
நான் கெஞ்சாமல் விழுந்த முதல் கையெழுத்து.

பக்கத்தில் ஒரு செதில் ஒட்டியிருக்கிறது.
ஒன்றிய அலுவலகத்துக்குப் போகிற ஜெராக்ஸில்
அதுவும் விழும்.