பதினேழு

லத்தேரி ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
சமுதாயக் கூடத்தின் பின்சுவரை ஒட்டிய
தகரக் கொட்டகையில்
வருஷத்தில் மூன்று மாதம் மட்டும்
நான் அரசாங்கம்.

விலை மேலே முடிவாகி வரும்.
பலகையில் அதைச் சாக்பீஸால் எழுதுகிறவன் நான்.
சன்னரகம். பொதுரகம். ஊக்கத்தொகை.
கடைசியில் அடிக்கோடு போட்டு:
ஈரப்பதம் பதினேழுக்கு மேல் கூடாது.

கையில் அடங்குகிற மீட்டர்.
ஒரு பிடி நெல்லைக் கொட்டி மூடியைத் திருகினால்
உள்ளே எவ்வளவு தண்ணீர் என்று சொல்லும்.
எந்தத் தண்ணீர் என்று சொல்லாது.
ராத்திரி ரெண்டு மணிக்கு
மும்முனை கரண்டுக்கு விழித்திருந்து
எழுநூறு அடியிலிருந்து ஏற்றியதா,
முந்தாநாள் தார்ப்பாய்க் கிழிசலில் இறங்கியதா,
அதற்கு எல்லாம் ஒன்று.
பாலாறு மணலாய்க் கிடக்கிற ஜில்லாவில்
தண்ணீர் அதிகம் என்று
ஒரு நாளைக்கு அறுபது பேரிடம் சொல்கிறேன்.

தனகோட்டி, டோக்கன் நாற்பத்தொன்று,
பதினெட்டு புள்ளி இரண்டு.
காய வைத்துக் கொண்டு வாங்க என்றேன்.
"எங்க சார் காய வெக்கிறது?
ரோட்ல போட்டா போலீசு,
நெலத்துல போட்டா மயிலு.
ஆறு நாளா இங்கதான் படுத்துங்கீறேன்.
உங்க தகரத்து மேல ஏறிக் கொட்டவா?"

குடியாத்தம் சாலையில் பாதியை மறித்து
கருங்கல் வரிசை வைத்துப் பரப்பினாள்.
தடம் எண் கூடப் பார்க்கவில்லை,
வந்த பஸ்ஸெல்லாம் ஒதுங்கித்தான் போனது.
கண்டக்டர் ஒருவன் தொங்கியபடி ஏதோ கத்த
காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே
அவன் பாட்டன் பேர் வரைக்கும் விசாரித்தாள்.

சாயங்காலம் பதினேழு புள்ளி நான்கு.
பனமடங்கிக் காட்டுப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.
சுமைக்காரர்கள் லுங்கியை மடித்துக் கட்டி
என் பேனாவையே பார்த்தார்கள்.
நான் பதினேழு என்று எழுதினேன்.
மனசு இளகி இல்லை.
மூட்டைக்கு இவ்வளவு என்று
எல்லாருக்கும் தெரிந்த, எங்கும் எழுதாத
ஒரு தொகை உண்டு.
அதை அன்றைக்கும் வாங்கினேன்.
இங்கே எழுதியாயிற்று.

முப்பத்தெட்டு மூட்டை. நாற்பது கிலோ கணக்கு.
தராசில் நாற்பத்தொன்று ஏறிய பிறகுதான்
சாக்கின் வாயைத் தைப்பார்கள்.

லாரி வரவில்லை.
கிடங்கில் இடமில்லை என்றார்கள்,
பிறகு ஒப்பந்தக்காரர் மகளுக்குக் கல்யாணம் என்றார்கள்.
இருபத்து மூன்று நாள்
அட்டி அட்டியாய் வெயிலில் நின்றது நெல்.
நான் வாங்கிய தண்ணீரை
வெயில் சாக்கின் கண் வழியே
கொஞ்சம் கொஞ்சமாய் எடுத்துக்கொண்டது.
மேல்வாங்கிய ஒவ்வொரு கிலோவும் போதாமல்
கிடங்கில் நிறுத்தபோது இன்னும் நானூற்றுப் பன்னிரண்டு கிலோ குறைவு.
எடைக்குறைவு பட்டியல் எழுத்தரின் பொறுப்பு.
நான்கு தவணையில் பிடித்தம்.
வெயிலுக்கு பில் போட
கணினியில் இடமில்லை.

வாங்கியதையும் பிடித்ததையும்
சிகரெட் அட்டையில் கூட்டிக் கழித்துப் பார்த்தேன்.
எவ்வளவு நின்றது என்று சொல்ல மாட்டேன்.

பருவம் முடிந்த அன்று தனகோட்டி வந்தாள்.
போனை நீட்டினாள்.
பணம் ஏறியிருந்தது,
ஏறிய அன்றே கூட்டுறவுக் கடனுக்குப் பாதி இறங்கியிருந்தது.
அதைப் பற்றி அவள் கேட்கவில்லை.

"மூட்டைக்கு ஒரு கிலோ மேல போட்டீங்களே,
முப்பத்தெட்டு கிலோ,
அதுக்கு இன்னா வெல சார்?
அந்தப் பலகையில அது எங்க கீது?"

கேட் போட்டிருந்தார்கள்.
சரக்கு ரயில் ஒன்று
பெட்டி பெட்டியாய்ப் போய்க்கொண்டே இருந்தது,
அந்தச் சத்தத்தில் பதில் சொல்லாமல் இருக்க முடிந்தது.
அதுவும் முடிந்தது.
அவள் நின்றுகொண்டிருந்தாள்.

பலகையை அழிக்கத் துணியை எடுத்தேன்.
ஈரமாக இருந்தது.
எவ்வளவு என்று பார்க்கவில்லை.