எத்தனை அடியில் பாறை

நவம்பர் மழையில்
ஒரே குடைக்குள் நானும் ஹெல்கியும்.
அவள் எண்டெலின் முதல் மனைவி, நான் இரண்டாமவள்.
குடை அவளுடையது, பிடித்திருந்தது நான்.

எண்டெல் காரைவிட்டு இறங்கவில்லை.
ஹீட்டரைப் போட்டுக்கொண்டு
வானொலியில் கடல் நிலவரம் கேட்கிறார்.
படகு இல்லாத மனிதர்,
ஸாரெமா தீவின் மேற்கே
அலை எத்தனை அடி என்று தினமும் தெரிந்தாக வேண்டும்.
"நீங்களே பாருங்கள், எனக்கு எதுவானாலும் சரி."
திரைச்சீலை வாங்கும்போதும் இதைத்தான் சொன்னார்,
பிறகு ஆறு மாதம்
அதன் நிறத்தைக் குறை சொன்னார்.

மருத்துவர் போட்ட கணக்கில்
வசந்தம் இருந்தது. கோடை இல்லை.

கல்யோ, இடுகாட்டுக் காவலர்,
தள்ளுவண்டியின்மேல் வரைபடத்தை விரித்தார்.
நிரம்பியவை பச்சைப் பென்சில்,
பேசி வைத்தவை மஞ்சள்.
ஒரு துளி விழுந்தது யாரோ ஒரு குடும்பத்தின் மேல்,
சட்டைக்கையால் ஒற்றி எடுத்தார்.

"பைன் ஓரமா, சுவர் ஓரமா?
பைன் என்றால் ஊசியிலை கொட்டும்.
வாராவாரம் மணலைக் கீறிவைக்க வேண்டும்,
பின்னால் நடந்தபடியே கீறி
நம் காலடி நமக்கே தெரியாமல் வெளியே வரவேண்டும்.
முதுகு நன்றாக இருக்கிறதா?"
எங்கள் இருவர் முதுகையும் பார்த்துவிட்டு
அவரே சுவர் ஓரத்துக்கு நடந்தார்.

"எத்தனை பேருக்கு?"
இரண்டு என்று நான் வாய் திறப்பதற்குள்
"மூன்று" என்றாள் ஹெல்கி,
ரொட்டிக்கடையில் துண்டு கேட்பவள்போல.

கல்யோ பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார்.
அவருக்கு மூன்றும் ஓர் எண்.
எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.
பத்தொன்பது வருடம் அவள்,
இருபத்தாறு நான்.
அதற்கப்புறம் வரும் வருடங்களை
யார் கணக்கில் எழுதுவது?

"உனக்கு வேறு யாருமே இல்லையா?"
கேட்டபிறகுதான் என் காதிலேயே விழுந்தது.
"அண்ணன் கனடாவில்" என்றாள்.
"உர்மாஸ் கடலில்.
அவனுக்கு இடம் பார்க்கிற வேலை
எனக்கு வாய்க்கவில்லை."

குடையைக் கொஞ்சம் அவள் பக்கம் சாய்த்தேன்.
என் இடது தோள் நனைந்தது. நனையட்டும்.

"அவருக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது" என்றேன்.
"இடது பக்கம் யார்?"
"நான். சொல்ல வேண்டியதையெல்லாம்
விவாகரத்து மனுவில் எழுதிவிட்டேன்.
உனக்குத்தான் இன்னும் பாக்கி இருக்கும்."
நாங்கள் சிரித்த சிரிப்பில்
கல்யோ மஞ்சள் கோட்டைக் கோணலாகப் போட்டார்.

கார்க் கண்ணாடி இரண்டு அங்குலம் இறங்கியது.
சுவர் ஓரம், மூன்று பேருக்கு, என்றோம்.
மூன்று அவர் காதில் ஏறியதா தெரியாது,
நாங்கள் நின்றது இடது பக்கம்.
"எத்தனை அடியில் பாறை?"

நாற்பது வருடம் இந்தத் தீவில் கிணறு துளைத்தவர்.
மனிதனுக்கு ஆறடி என்று சொல்கிறவர்கள்
எங்கள் சுண்ணாம்புப் பாறையைத் தோண்டிப் பார்த்ததில்லை.
"ஐந்தடி என்கிறார் கல்யோ."
"பொய். சுவரோரம் மூன்றரை.
எழுபத்தெட்டில் அந்தப் பக்கத்து வீட்டுக்கு
துளைக்கப்போய் இரண்டு முனை உடைந்தது."

கதவு திறந்தது. கைத்தடி,
நெடுநேரம் கழித்து ஒரு கால்.
வானொலி அலையைச் சொல்லிக்கொண்டே இருக்க
தொப்பி இல்லாமல் நடந்தார்,
குதிகாலால் தரையை இடித்து இடித்து.
ஓரிடத்தில் நின்றார்.
தலையைச் சாய்த்து
வலது காதைப் பூமிக்குக் கொடுத்தார்.

"இங்கே" என்றார். "இங்கே மண் இருக்கிறது."

சுவரும் இல்லை, பைனும் இல்லை.
தண்ணீர்க்குழாய்க்குப் பக்கத்தில்,
ஊரே பூவாளி நிரப்ப வந்து
சேறாக்கி வைத்திருக்கும் நட்டநடு.
எனக்குப் பிடிக்கவில்லை.
ஹெல்கிக்கு அதைவிடப் பிடிக்கவில்லை.
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கினோம்,
அவருடைய வலது பக்கமாகப் போய் நின்று.

கல்யோ ரப்பரைத் தேடித்
தன் பைகளைத் தடவினார்.