லண்டன் திறக்கிற நேரம்

உப்புவெளியில் இன்னும் விடியவில்லை.
மெல்பேர்னில் ஒன்பதரை.
கமெராவுக்காக ஒரு சேர்ட்,
கீழே சாரம்.
நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய்,
தடை ஏதும் உண்டா?
தடை இல்லை என்கிறேன்.
ஆறு வருடமாகத் தடை இல்லை.

நாய்களுக்குக் காப்புறுதி விற்கும் கம்பெனி.
அந்த நாய்களில் ஒன்றைக்கூட நான் கண்டதில்லை.
அவற்றின் இடுப்பெலும்பு, கண்புரை,
சொக்லேட் தின்று வந்த வயிற்றுக்குத்து
எல்லாம் என் அட்டவணையில் நிரையாய் நிற்கின்றன.
மூன்று கிழமையாக
ஒரு பொத்தானின் நிறம் பற்றிக் கதைக்கிறோம்.
பச்சை அவசரப்படுத்துகிறதாம்.
நீலம் துக்கமாம்.
பதினொரு பேர்,
எல்லோருக்கும் டொலரில் சம்பளம்.

ஏழு மணிக்கு யாழரசி இரவு டியூட்டி முடித்து வருவாள்.
சப்பாத்தைக் கழற்றி
வீங்கிய காலைச் சீமெந்துத் தரையில் வைப்பாள்.
அவளுடைய எட்டு மாதம் என்னுடைய ஒன்று.
அந்தக் கணக்கை நாங்கள் சத்தமாகப் போடுவதில்லை.
ஒருநாள் சொன்னேன்,
"எனக்கு வேலை பிடிக்கேல்லை."
அவள் என்னைப் பார்த்தாள்,
காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.
பார்த்தபடியே நித்திரையானாள்.

பன்னிரண்டரைக்கு மெல்பேர்ன் மூடும்.
அதே நிமிடம் லண்டன் திறக்கும்.
துவாரகன் காட்டித் தந்த கதவு அது.
போன வருடம் வேலையை விட்டவன்,
தபாற்கந்தோர் வீதியில் பாமசிக்கு மேலே ஓர் அறை,
தொடாமலே தங்கம் வாங்கி
தொடாமலே விற்கிறான்.
"ஒருத்தனும் உன்னட்டை அப்டேட் கேக்கமாட்டான் மச்சான்.
சந்தை கேக்காது. அடிக்கும், அவ்வளவுதான்."
எனக்கு அந்த வசனம் பிடித்துவிட்டது.

மாதிரிக் கணக்கில்
பத்தாயிரம் பதினாலாயிரமானது.
பொய்க்காசுதான்.
கை மட்டும் உண்மையாக வியர்த்தது.
எத்தனை வருடத்துக்குப் பிறகு!

பேந்து மெய்க்காசு.
திரையில் ஏழு சதுரம்,
கன்னியாக் கிணறுகள் மாதிரி
பக்கத்தில் பக்கத்தில்,
ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு.
யூரோவில் குளிக்கலாம்.
தங்கத்தில் விரல் வைக்க ஏலாது.
வைத்தேன்.

மாலை ஆறு மணிக்கு
அமெரிக்காவில் யாரோ ஓர் எண்ணை வாசித்தார்கள்.
கோடு நின்ற இடத்திலிருந்து நேரே கீழே
இராவணன் வெட்டாய் இறங்கியது,
அடியில் அலைச் சத்தம் மட்டும் இல்லை.
நாற்பது செக்கனில் முந்நூற்றுப் பத்து டொலர்.
யாழரசியின் ஒரு மாதம்.
அவள் அடுத்த அறையில்
தலைமுடியை வாரிக் கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அந்தப் பொத்தான்களைப் பார்த்தேன்.
ஒன்று வாங்க, ஒன்று விற்க.
வாங்குகிறது பச்சை.
எங்கோ ஒரு விடியற்காலையில்
பதினொரு பேர் இருந்து
மூன்று கிழமை கதைத்திருப்பார்கள்.
அவர்களில் ஒருவனுக்காவது
வேலை பிடிக்காமல் இருந்திருக்கும்.

மோட்டார்சைக்கிளில் அவளை ஏற்றிக்கொண்டு போனேன்.
ஆஸ்பத்திரி வீதியில் மான்கள்.
ஒன்று நடுரோட்டில் நின்று
பிஸ்கட் பெட்டியின் காட்போட்டைச் சப்பிக்கொண்டிருந்தது.
கோட்டைக்குள் புல் இருக்கிறது.
ஹோர்ன் அடித்தும் நகரவில்லை.
எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம்.
முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்:
"அண்டைக்கு வேலை பிடிக்கேல்லை எண்டியள்.
காலமை வேலையோ,
பின்னேர வேலையோ?"

பின்னேர வேலையைப் பற்றி
நான் அவளிடம் சொன்னதே இல்லை.

மான் போனது.
கேற்றடியில் இறங்கி,
சாப்பாட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டு,
பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனாள்.

வீட்டில் ராஜினாமாக் கடிதத்தைத் திறந்தேன்.
மாசியிலிருந்து வரைவில் கிடக்கிறது.
இரண்டாம் வரியில் ஒரு காற்புள்ளியை எடுத்தேன்.
கொஞ்ச நேரத்தால்
திருப்பி வைத்தேன்.
நாலே முக்காலுக்கு அலாரம்.
நாளைக்குப் பொத்தானுக்கு வாக்கெடுப்பு.