கடன் வாங்கிக் கழித்தல்

தரம் மூன்று. பொங்கல் லீவு முடிந்த திங்கள்.
பொகவந்தலாவைப் பனிக்கு ஜன்னலைச் சாத்தியதில்
கரும்பலகை பாதிதான் தெரிகிறது.
நாலைந்து பேரின் வெள்ளைச் சட்டை
இன்னும் டெய்லரிடம்.

ஐம்பத்திரண்டில் பதினேழு.
இரண்டில் ஏழு போகாது,
பக்கத்து ஐந்திடம் ஒரு பத்து கடன் வாங்கு என்றேன்.

ஐந்து நாலானது.
ஈர்க்குக் கட்டின் ரப்பர் வளையத்தை உருவி
பத்தையும் மேசையில் கொட்டினான் நிரோஜன்.
முப்பத்தைந்து! கைதட்டியும் ஆயிற்று.

துஷியந்தினி மட்டும் எழுதவில்லை.
"டீச்சர், அந்த நாலு
எப்ப மறுபடி அஞ்சாகும்?
சம்பளம் போட்டதுமா?"

மணி அடித்தது போலிருந்தது.
அடிக்கவில்லை.

ஈர்க்குகளைப் பொறுக்கி
எண்ணி எண்ணி வளையம் போடுகிறாள்.
ஒன்பதுதான் இருக்கிறது.
மேசைக்கடியில் குனிந்து
வகுப்பே தேடுகிறது,
நானும்.