இரண்டு புள்ளிகள்

கடற்றொழில் கந்தோர், பின்னேரம் மூன்றரை.
பழைய நிரலில் இவ்வளவு போதும்:
க, புள்ளி, நட்சத்திரம்.
க. வில்வராசா, க. சித்திரவேல், க. மரியநாயகம்,
மூன்று பேரும் வந்து நிற்பார்கள்.

அதையே புதிய மொழிக்குள் அப்படியே வைத்தேன்.
மூதூர் திரண்டு வந்தது, கிண்ணியா வந்தது,
பக்கீர்த்தம்பி, சேகு இஸ்மாயில்,
பெயருக்குள் எங்கோ ஒரு க ஒளித்துவைத்திருந்த
நானூற்றுப் பதினேழு பேர்
வலைக்கடன் வரிசையில்.

இங்கே புள்ளி வெறும் புள்ளியில்லை,
யாராகவும் இருக்கலாம்.
நட்சத்திரமோ தனியே ஒன்றுமில்லை;
முன்னால் நிற்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லும்.

நஸ்லியா கதிரையை இழுத்துக்கொண்டு வந்தாள்.
புள்ளிக்கு ஒரு சாய்கோடு முட்டுக்கொடுத்தாள்.
நட்சத்திரத்துக்கு இன்னொரு புள்ளி இரவல்.
தலைக்கு ஒரு கூரைக்குறி, வாலுக்கு ஒரு டொலர்.
மூன்று பேர்.

‘அப்ப கேள்விக்குறி?’
ஓரெழுத்துக்கு ஒரு புள்ளியாம்.
ஆனால் எங்கள் கு
இயந்திரத்துக்கு இரண்டு:
ஒரு க, பிறகு ஒரு கொக்கி.
கொக்கியை எங்கே விடுவது?

‘நாளைக்குப் பார்ப்பம், பஸ் போயிரும்.’
வெளியே, சைக்கிள்களுக்கு நடுவில்
எங்கள் பழைய பதிவேட்டுத் தாளொன்றை
மான் மென்றுகொண்டிருந்தது,
கொக்கி, புள்ளி எல்லாம் சேர்த்து.