புரட்டாசியில் மிளகு

கோழி ஆகாது.
மாடு ஆகாது.
கோதுமை பட்டால் காதுமடல் சிவந்து
விடிய விடியச் சொறியும்.
கொழுப்பு ஒரு ஸ்பூன் கூடினாலும்
கணையம் வீங்கி
முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு
குளியலறை ஓரத்தில் போய் நிற்கும்,
சத்தமே போடாமல்.

ஏழு கிலோ இருநூறு கிராம்.
உப்பும் மிளகும் தூவினாற்போல ரோமம்,
கிழவனுக்குப் போல ஒரு தாடி.
மிளகுக்கு மிளகும் ஆகாது என்று
தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தாயிற்று.

பை உணவு ஆறு வகை வாங்கிப் பார்த்தோம்.
முன்பக்கம் பெரிதாக ஆட்டுக்குட்டி.
பின்பக்கம், நான் கண்ணாடி மாற்றிய பிறகே தெரிந்தது,
எறும்பு எழுத்தில் கோழிக்கொழுப்பு.

டாக்டர் நொம்வூலா ரத்தச் சீட்டை மடித்துவிட்டு,
இதுவரை தின்னாத இறைச்சியாகப் பார்த்து
வீட்டிலேயே வேகவையுங்கள் என்றார்.
தீக்கோழி.
பெயரிலேயே கோழி இருக்கிறதே!
தமிழில் மட்டும் வேகும் பகடி அது.
தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

அது புரட்டாசி பிறந்த வாரம்.
சாட்ஸ்வொர்த்தில் எங்கள் சந்து முழுக்கக்
கறிச்சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள்.
பூவேந்திரன் ஃப்ரீசரை வினிகர் விட்டுத் துடைத்து
கதவில் மஞ்சள் பொட்டும் வைத்திருந்தார்.
நாய்க்கு ஏது விரதம் என்றேன்.
"நாய்க்கு இல்ல. வீட்டுக்கு."

சரி, கராஜ் வீட்டில் சேராது என்று முடிவானது.
காருக்கும் துணி இயந்திரத்துக்கும் நடுவே
ஒற்றை கேஸ் அடுப்பு, காதறுந்த அலுமினியச் சட்டி.

கசாப்புக் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த பையன்
என் நெற்றியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.
கொழுப்பே இல்லாத துண்டாக என்றேன்.
கள்ளச்சாராயம் மாதிரி
கறுப்புப் பையில் சுற்றி நீட்டினான்.

சந்தையில் நேரம் எடுத்தது.
சுரைக்காயில் நகம் இறங்க வேண்டும்.
பீன்ஸ் ஒடித்தால் சத்தம் வர வேண்டும்.
பூசணிக் கீற்றை மோந்து பார்த்தேன்.
வெங்காயக் கூடையோடு ஒட்டிக் கிடந்ததைத் தொடவில்லை,
திராட்சையின் பக்கமே போகவில்லை.
தையல்நாயகி தராசைப் பிடித்தபடியே
என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"யாருக்கு முடியல?"
"வீட்ல ஒருத்தருக்கு."
"சக்கரையா?"
"கணையம்."
அவள் கை நெஞ்சுக்குப் போனது.
அவள் தம்பியும் அதில்தான் போனானாம்.
இன்னொரு பிஞ்சுச் சுரைக்காயைப் பையில் திணித்து
காசு வேண்டாம், பெருமாள் பாத்துப்பார் என்றாள்.
நாலு கால் என்று சொல்ல
எனக்கு நா எழவில்லை.
இப்போதும் அந்தக் கடையைச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.

இறைச்சி தொண்ணூறு கிராம்.
பூசணி நாற்பது. சுரைக்காய் முப்பது.
பூவேந்திரனுக்கும் சர்க்கரை உண்டு.
அவர் சோற்றை நான் ஒருநாளும் நிறுத்ததில்லை.
அதை அவர் கவனித்துவிட்டார் என்பது
முந்தாநாள் இரவு தராசின் மேல்
சும்மா ஒரு பூரியை வைத்து எண்ணைப் படித்தபோது தெரிந்தது.
இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

மூன்றாம் சனிக்கிழமை
அடுப்பு ஏற்றிய நேரம் மின்சாரம் போனது.
கைப்பேசி வெளிச்சத்தைச் சட்டிமேல் பிடித்துக்கொண்டு
மசித்து, கிளறி, ஊதி,
ஆறிவிட்டதா என்று விரலால் தொட்டு
நாக்கில் வைத்தேன்.

உப்பு இல்லை என்றது நாக்கு.

பெருமாளுக்குப் பொங்கும்போது
ஒரு பருக்கை வாயில் வைத்ததில்லை நான்.

இருட்டுக்குள்ளிருந்து அவர் குரல்:
"வெந்துடுச்சா?"
"ம்."
துப்பவும் இல்லை, விழுங்கியதாகவும் நினைவில்லை.

மிளகு மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.
தட்டை வைத்தேன்.
தாடியெல்லாம் பூசணியாகத் தின்று முடித்துவிட்டு
என் கையைத் தேடி வந்து
அந்த ஒரு விரலை
நிதானமாக, அடிவரை,
நக்கித் துடைத்து வைத்தது.