முக்கால் அங்குலம்

கம்பமெட்டு மூன்றாம் வளைவில்
பெடல் தரையில் போய் உட்கார்ந்தது.
ஏலக்காய் மூட்டைகளோடு
மண்திட்டில் சாய்த்து நிறுத்தினேன்.

குமுளி வர்க்கிச்சன் கேட்டார், ஏது வண்டி?
ராணுவ ஏலத்தில் எடுத்தது.
"அது பேரல்லல்லோ."

வார்ப்பெண்ணைத் துரு தின்றிருந்தது.
பீடிக்கட்டுத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தோம்:
ஓர் ஏழு; அப்புறம் ஒன்பதோ ஆறோ.
கழற்றிய சிலிண்டருக்குள் வெர்னியரை விட்டார்.
முக்கால் அங்குலம்.
இந்த வண்டிக்கு முழு அங்குலம் வேண்டும்.

அப்போ பதினான்கு வருஷமாய்
என்னை இறக்கிவிட்டது யார் என்றேன்.
மேலே கைகாட்டினார். கும்பிடப் போனேன்.
பரணில், எண்ணெய்த்தாள் பிரிக்காமல்,
சரியானது இருந்தது.

மாட்டியாயிற்று. முதல் மிதியிலேயே நிற்கிறது.
வளைவு வந்தால்
கால் மட்டும் இன்னும்
இரண்டாவது தடவையும் மிதிக்கிறது.